நம்பிக்கையான சைக்கிள் ரிப்பேர் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் பிடிக்காத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவசரமாகக் கடை தேடும்போது நல்ல கடை, சுமாரான கடை என்று பிரித்துப் பார்க்க முடியாது. எது திறந்திருக்கிறதோ அங்கே கொடுத்துவிட்டு வருவோம். அதனால் சைக்கிள் நன்றாக ஓடும்போதே கடையைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மெக்கானிக்கின் கையில் நாம் கொடுப்பது பிரேக்கையும் சக்கரத்தையும். அதை யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசிப்பதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

எங்கே தேட ஆரம்பிப்பது?

தினமும் சைக்கிளில் போகிறவர்களிடம் கேளுங்கள். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர், சைக்கிளில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் எல்லோருக்கும் சைக்கிள் ஒருநாள் நின்றால் அன்றைய பாடு நின்றுவிடும். மோசமான கடைக்கு அவர்கள் இரண்டாம் தடவை போக மாட்டார்கள்.

'அந்தக் கடை நல்லதா?' என்று கேட்டால் 'நல்ல கடைதான்' என்று பதில் வரும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கடைசியாக என்ன வேலை செய்தார், அது எவ்வளவு நாள் தாங்கியது, திரும்பக் கொண்டுபோனபோது எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். எந்தக் கடையிலும் வேலை சில சமயம் பிசகத்தான் செய்யும். பிசகியது என்று சொன்னதும் முகம் சுளிக்காமல் சைக்கிளை வாங்கிப் பார்த்தாரா என்பதில் ஆள் தெரிந்துவிடும்.

இணையத்தில் விமர்சனம் படிக்கிறீர்கள் என்றால் நட்சத்திரங்களை விட்டுவிட்டுக் குறை சொன்னவர்கள் எழுதியதைப் படியுங்கள். 'சொன்ன நாளில் தரவில்லை' என்பது ஒரு ரகம். 'பிரேக் ஒயரை இறுக்காமலே கொடுத்துவிட்டார்' என்பது வேறு ரகம். இரண்டாவது ரகம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் அந்தக் கடை வேண்டாம்.

அப்புறம் தூரம். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் ஒரு கடையும், பெரிய வேலைகளுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு கடையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் தடவை என்ன வேலை கொடுத்துப் பார்க்கலாம்?

சின்ன வேலை. பஞ்சர் ஒட்டுவதே போதும், அதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கானிக்கின் குணம் மொத்தமும் அந்த ஒரு வேலையில் தெரிந்துவிடும்.

டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடிப்பது எல்லோரும் செய்வது. அதற்கு அடுத்ததாக என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல மெக்கானிக் டியூபை டயரின் மேல் வைத்து, ஓட்டை டயரில் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று பார்ப்பார். பிறகு டயரின் உட்பக்கத்தை விரலாலோ துணியாலோ மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். முள்ளோ கண்ணாடித் துண்டோ மெல்லிய கம்பியோ இன்னும் அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் கையில் தட்டுப்படும். இதைச் செய்யாமல் ஒட்டி மாட்டிக் கொடுத்தால், போகிற வழியிலேயே அதே முள் அதே டியூபை மறுபடியும் குத்தும்.

ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் ஒரு சேதி. வெளிப்பக்கம் இருந்தால் சாலையிலிருந்து ஏதோ குத்தியிருக்கிறது. ரிம்மை ஒட்டிய உட்பக்கம் இருந்தால், ஸ்போக்ஸ் துளைகளை மூடியிருக்கிற ரிம் டேப் நகர்ந்து ஸ்போக்ஸ் முனையோ ஸ்போக்ஸ் துளையின் விளிம்போ டியூபை அறுத்திருக்கிறது. அங்கே ஒட்டுப் போட்டால் மட்டும் போதாது, டேப்பையும் சரி செய்ய வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு 'காற்றைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க' என்று ஒருவர் சொன்னால், அவரிடம் அடுத்த வேலையையும் கொடுக்கலாம்.

ஒட்டும்போது அவசரப்படுகிறாரா என்றும் பாருங்கள். டியூபைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய் ஒட்டுப்பதம் வரும்வரை விட்டுவிட்டுத்தான் ஒட்டை வைக்க வேண்டும். தடவின கையோடு ஒட்டை அழுத்தினால் அது ஓரத்தில் கிளம்பிவிடும்.

கடையைப் பார்த்தவுடனே எதை வைத்து எடை போடுவது?

தரை அழுக்காக இருப்பதை வைத்து எடை போடாதீர்கள். கிரீஸும் செயின் கறுப்பும் இருக்கிற இடம் அப்படித்தான் இருக்கும். கழற்றின பாகங்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு சைக்கிளின் நட்டு, போல்ட், வாஷர், பால்ரஸ் எல்லாம் ஒரே தட்டில் ஒன்றாக இருந்தால் நல்லது. இரண்டு சைக்கிளின் சாமான்கள் ஒரே குவியலாகக் கிடந்தால் உங்கள் சைக்கிளின் வாஷர் இன்னொருவர் சக்கரத்துக்குப் போய்விடும்.

கருவிகளில் மூன்று நான்கைத் தேடலாம்: சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்க்கிற ஸ்டாண்டு, செயின் தேய்மானம் பார்க்கிற கேஜ், பிரேக் ஒயரைப் பிசிறில்லாமல் வெட்டுகிற கட்டர், கியர் சைக்கிள் வேலை செய்கிற கடை என்றால் போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்குகிற டார்க் ரெஞ்ச். சின்னக் கடையில் எல்லாம் இருக்காது, அது குற்றமும் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கையே ஸ்டாண்டாக்கி அருமையாகப் பெண்டு எடுக்கிறவர்கள், அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்துகிறவர்கள், இருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் சுத்தியலையும் கட்டிங் பிளேயரையும் தூக்குகிற கை மட்டும் வேண்டாம். பிளேயர் பிடித்துத் திருகிய நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், அடுத்த தடவை எந்த ஸ்பேனரும் அதில் உட்காராது.

பெண்டு எடுப்பதில் தரம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். ரிம் ஒரு பக்கமாக ஓடினால் அங்கே இருக்கிற ஒரு ஸ்போக்ஸை மட்டும் பலமாக இறுக்கிவிடுவது குறுக்குவழி. அந்த நேரத்துக்குச் சக்கரம் நேராகத் தெரியும். ஆனால் இழுவை ஒரு கம்பியில் மட்டும் ஏறி நிற்பதால் கொஞ்ச நாளில் சக்கரம் மறுபடி கோணும், அல்லது ஏதாவது ஒரு கம்பி தெறிக்கும். பொறுமையான மெக்கானிக் ஒரு பக்கத்தில் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கக் கம்பியில் அதே அளவு தளர்த்தி, சுற்றிப் பார்த்து, மறுபடி கால் சுற்று என்று போவார். இடது வலது கோணலோடு, மேலும் கீழும் ரிம் ஏறி இறங்குகிறதா என்பதையும் பார்ப்பார்.

வேலை முடிந்தபின் நீங்களே சோதிக்கலாம். சக்கரத்தில் ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பாருங்கள். சத்தம் ஏறக்குறைய ஒரே சுருதியில் வர வேண்டும். ஒன்று மட்டும் 'தொப்' என்றால் அது தளர்வாக இருக்கிறது. கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கத்துக் கம்பிகள் இயல்பாகவே கூடுதல் இறுக்கம், ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டாம்.

படிப்போ சான்றிதழோ இல்லாத மெக்கானிக்கை நம்பலாமா?

தாராளமாக நம்பலாம், வேலையைப் பார்த்துவிட்டு. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் இன்ஜினைக் கட்டியவர் சார்லி டெய்லர். அமெரிக்காவின் டேட்டன் நகரில் அவர்கள் நடத்திய சைக்கிள் கடையின் மெக்கானிக். அந்தக் கடைக்குள்ளேயே, ஏறக்குறைய ஆறு வாரத்தில் கட்டி முடித்தார். இந்தத் தொழில் பட்டறையில் நின்று கற்றுக்கொள்கிற தொழில். ஹைட்ராலிக் பிரேக் (ஒயருக்குப் பதில் திரவ அழுத்தத்தில் பிடிப்பது), மின் சைக்கிள் போன்றவற்றில் மட்டும் அதற்கென்று பயிற்சி எடுத்தவரா என்று கேட்பது நியாயம்.

செயின் மாற்றப் போனேன், பின்னால் இருக்கிற பல்சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

இதுதான் எல்லோருக்கும் வருகிற சந்தேகம். பல சமயம் அவர் சொல்வது உண்மை. எப்போது உண்மை என்று நீங்களே அளந்து பார்க்கலாம்.

சைக்கிள் செயினில் கண்ணிகளை இணைக்கிற சின்ன ஆணிதான் பின்; ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை அரை அங்குலம். அப்படியானால் புதுச் செயினில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வரும். இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து அளந்து பாருங்கள். 12 அங்குலக் கோட்டில் பின் நின்றால் செயின் நன்றாக இருக்கிறது. கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்றுகிற நேரம். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பல்சக்கரமும் அநேகமாகத் தேய்ந்திருக்கும். கேஜ் வைத்திருக்கிற கடைகளில் இதையே சதவீதத்தில் சொல்வார்கள். பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ள சைக்கிளுக்கு 0.5, அதற்குக் குறைவானதற்கு 0.75 வந்தால் மாற்றுவது வழக்கம்.

செயின் நீளுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் ஒவ்வொரு பின்னும் அதன் மூட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது. நீண்ட செயின் பல்லின் இடுக்கில் சரியாக உட்காராமல் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அந்தப் பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது 'கடக்' என்று தாவும். ஆகவே 'இரண்டையும் மாற்றுங்கள்' என்பதில் கள்ளம் இருக்க வேண்டும் என்று இல்லை.

நம்பகமான மெக்கானிக் கேஜைச் செயினில் வைத்து உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார், அல்லது பல்லின் சாய்வைக் காட்டுவார். காட்டச் சொல்லிக் கேட்டும் 'நான் சொல்றேன்ல, மாத்துங்க' என்றால் வேறு கடையில் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். செயினை உரிய நேரத்தில் மாற்றினால் அதைவிட விலை கூடிய பல்சக்கரம் நீண்ட நாள் உழைக்கும். இதை உங்களிடம் முன்கூட்டியே சொல்கிறவர், தன் அடுத்த வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு உங்களுக்கு நல்லது செய்கிறார்.

'டக் டக்'கென்று சத்தம் வருகிறது. கடையில் எப்படிச் சொல்வது?

எங்கே சத்தம் என்பதைவிட எப்போது சத்தம் என்று சொல்லுங்கள். சைக்கிளில் சத்தம் சட்டம் (ஃபிரேம்) வழியாகப் பயணம் செய்யும், காதை நம்பி இடத்தைச் சொல்ல முடியாது.

மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, மிதிக்காமல் விட்டு உருளும்போதும் வருகிறதா? மிதிக்கும்போது மட்டும், பெடல் ஒரு சுற்று வர ஒரு தடவை என்றால் பெடல், பெடல் மாட்டியிருக்கிற கிராங்க், நடு ஆக்சில் இவற்றில் தேட வேண்டும். உருளும்போதும் வந்தால், சக்கரம் ஒரு சுற்று வர ஒரு தடவை என்றால் சக்கரம், டயர், ரிம், பிரேக் பக்கம். சீட்டிலிருந்து எழுந்தால் நின்றுவிடுகிறது என்றால் சீட்டும் சீட் கம்பியும். எழுந்து நின்று ஹேண்டில்பாரை இழுத்து மிதித்தால்தான் வருகிறது என்றால் ஹேண்டில் பக்கம்.

இந்தக் கேள்விகளை மெக்கானிக்கே உங்களிடம் கேட்டால் சந்தோஷப்படுங்கள். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சாவியைக் கேட்பவரும் நல்லவரே. எதுவும் கேட்காமல், சைக்கிளைத் தொடாமல், 'பி.பி. செட் (நடு ஆக்சில் செட்) போயிடுச்சு' என்று சொல்கிறவரிடம் மட்டும் நிதானமாக இருங்கள். தளர்ந்த பெடலும் இதே சத்தம் போடும், அதற்கு ஒரு ஸ்பேனர் திருப்பு போதும்.

வேலைக்கு விடும்போது என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

என்னென்ன வேலை, கூலி எவ்வளவு, பாகத்துக்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும். இதை ஒரு சீட்டிலோ செய்தியாகவோ எழுதி வாங்குங்கள். கழற்றிய பிறகு வேறு பழுது தெரியவருவது சகஜம், அதனால் 'கூடுதலாக ஏதாவது செய்வதற்கு முன்னால் போன் பண்ணிவிடுங்கள்' என்று சொல்லி வையுங்கள். கேட்காமல் செய்துவிட்டுப் பில்லில் சேர்ப்பது தவறு.

விட்டு வருவதற்கு முன் சைக்கிளை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் ஆக்சில் ஓடுகிற குழாயின் அடிப்பக்கம் பெரும்பாலும் சட்டத்தின் எண் குத்தியிருக்கும், அதையும் படம் எடுங்கள். கடை நம்பகமானதாகவே இருந்தாலும், திருட்டு போனால் அந்த எண் வேண்டும்.

பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டால் கோபப்படுவார்களா?

நல்ல கடையில் கேட்காமலே ஒரு பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டி வைத்திருப்பார்கள். வேலைக்கு விடும்போதே 'பழசை எடுத்து வையுங்கள்' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

வெளியே வாங்கிய டயரையோ பாகத்தையோ மாட்டித் தருவார்களா?

பெரும்பாலான கடைகளில் கூலி வாங்கிக்கொண்டு மாட்டித் தருவார்கள். ஆனால் பாகம் பழுதானால் அதற்குக் கடை பொறுப்பேற்காது, அது நியாயம்தான். அளவு தப்பிப்போவதுதான் பெரிய சிக்கல். டயரில் '26' என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டாது. 26 என்று சொல்லப்படும் மலைச் சைக்கிள் டயரின் ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1 3/8 டயருக்கு 590. '28' என்ற எழுத்தின் கீழும் 622, 635 என்று இரண்டு வேறு அளவுகள் உண்டு. பழைய டயரின் பக்கச்சுவரில் 37-622 என்பது போல இரண்டு எண் அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் டயர் ரிம்மில் உட்காரும். சந்தேகமாக இருந்தால் கடையிலேயே வாங்குங்கள். அளவு பார்த்துக் கொடுப்பதும் அவர் உழைப்புதான்.

திரும்ப வாங்கும்போது எதைச் சோதிப்பது?

கடை வாசலிலேயே, பணம் கொடுப்பதற்கு முன். முதலில் இரண்டு பிரேக்கையும் அழுத்துங்கள், பிடி ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் கழுத்தில் 'கொடக்' என்று ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தை மேலே பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஹப்பில் ஆட்டம் தெரியக் கூடாது. பிறகு தூக்கிச் சுற்றிவிட்டால் பிரேக் கட்டையில் உரசாமல் ஓட வேண்டும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கீழே விடுங்கள். தளர்ந்த எதுவும் கலகலத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சக்கர நட்டும், ஸ்பேனர் இல்லாமலே சக்கரத்தைக் கழற்ற உதவுகிற குயிக் ரிலீஸ் பிடியும் இறுக்கமா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கியர் இருந்தால் எல்லாக் கியரும் போட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். குறிப்பாக, பின்னால் இருக்கிற மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது செயின் அதைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழக் கூடாது. அதைத் தடுக்கிற ஸ்குரூவைச் சரியாக வைக்காமல் விட்டால் சக்கரமே கெட்டுவிடும்.

இரண்டு நாளில் கியர் சரியாக விழவில்லை. வேலை மோசமா?

புது ஒயர் போட்டிருந்தால் அவசரப்பட வேண்டாம். ஒயரின் உறைகள் தங்கள் இடத்தில் நன்றாக உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்வு வரும். ஒருமுறை கொண்டுபோய் இறுக்கிக்கொள்ள வேண்டும், நல்ல கடையில் இதற்குத் தனியாகக் கூலி கேட்க மாட்டார்கள். புது டிஸ்க் பேடும் சில தடவை பிடித்துப் பழகிய பிறகுதான் முழுசாகப் பிடிக்கும்.

பெடல் கோணலாக ஆடுவது வேறு விஷயம். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். அது தெரியாமலோ அவசரத்திலோ கோணலாக ஏற்றியிருந்தால் கிராங்கின் மரை போய்விடும். பிரேக் ஒயர் நழுவுவது, சக்கரம் தளர்வது இவையும் அப்படித்தான். இந்த மாதிரி நடந்தால் ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள். சண்டைக்குப் போகிற குரல் வேண்டாம். என்ன நடந்தது என்று சொல்லுங்கள், சரி செய்து தரச் சொல்லுங்கள். தன் வேலையின் பிசகைத் தன் செலவில் சரி செய்கிறவரை விட்டுவிடாதீர்கள். ஒரே பிசகு மறுபடியும் நடந்தாலோ, பழியை உங்கள் மேல் போட்டாலோ கடையை மாற்றுங்கள்.

எல்லா வேலைக்கும் ஒரே கடை போதுமா?

சாதாரண சைக்கிளுக்குப் போதும். ஹைட்ராலிக் பிரேக் இருந்தால், உங்கள் பிரேக்குக்கு மினரல் ஆயிலா டாட் திரவமா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் கெட்டுப் பிரேக் செயலிழக்கும். பதில் தயங்காமல் வர வேண்டும். கார்பன் பாகங்களைக் கை அழுத்தக் கணக்கில் இறுக்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். போல்ட்டின் பக்கத்தில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும், அந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். மின் சைக்கிளின் பஞ்சர், செயின், பிரேக் கட்டை போன்றவற்றை எந்த நல்ல மெக்கானிக்கும் பார்ப்பார். பேட்டரிப் பெட்டியைத் திறப்பது மட்டும் அதற்கென்று உள்ளவர்களின் வேலை. லித்தியம் பேட்டரியில் தப்பு நடந்தால் தீப்பிடிக்கும். 'எனக்கு இது தெரியாது, அந்தக் கடைக்குப் போங்க' என்று சொல்கிற மெக்கானிக்கை நான் இன்னும் கூடுதலாக நம்புவேன்.

எப்போது கொண்டுபோனால் நல்ல கவனிப்பு கிடைக்கும்?

கூட்டம் இல்லாத நாளில், காலையில். விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் போனால் எவ்வளவு நல்ல மெக்கானிக்கும் அவசரத்தில்தான் பார்ப்பார். போவதற்கு முன்னால் சைக்கிளை ஒரு கழுவு கழுவித் துடைத்துக் கொண்டுபோங்கள். மண் அப்பிய சட்டத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. செயினையும் துடைத்திருந்தால் கேஜ் வைத்து அளப்பது சுலபம். சீட்டுப் பை, பூட்டு, விளக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.